வெனிஸுக்கு இரண்டு நாள்: ஒரு வார இறுதிப் பயணத்தின் வரலாறு

ஐரோப்பாவில் படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் ‘வீக்எண்ட் ட்ரிப்’ என்று ஒன்று போவார்கள். வெள்ளிக்கிழமை மாலை விமானம். சனி, ஞாயிறு ஊர் சுற்றல். ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து படுத்தால், திங்கட்கிழமை காலை வழக்கம்போல் வகுப்போ ஆபீஸோ. இதற்குத் திட்டம் போடுவது பெரிய காரியமே இல்லை. எந்தத் தேதி, எந்த டிக்கெட், எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று நாலே கேள்விதான். போனைக் கையில் எடுத்தால் அரை மணி நேரத்தில் நாலுக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஆனால் அந்த நாலு கேள்விகளும் இவ்வளவு சுலபமாக ஆனதற்குப் பின்னால் ஐந்நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொன்னால் வளவளவென்று போய்விடும் என்பதால் வெனிஸ் நகரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். காரணம் உண்டு. வெளியூர்க்காரர்களை வைத்துக் காசு பார்க்கும் தொழிலில் ஐரோப்பாவிலேயே பழம் தின்று கொட்டை போட்ட ஊர் அது. அதே ஊர்தான் 2024-ஆம் ஆண்டு முதல், சில குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் ஊருக்குள் நுழையவே கட்டணம் வாங்குகிறது. வருகிறவர்களை வா வா என்று அழைத்த ஊர், ஏன் வாசலில் உண்டியலை வைத்தது?

நாற்பது நாள் காத்திருந்த காலம்

வெனிஸ் நடுக்கடலில் மிதப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு காயலுக்குள் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் கூட்டம். 1797-இல் நெப்போலியன் முடிவு கட்டும் வரை, சுமார் ஆயிரம் ஆண்டுகள் அது தனிக் குடியரசாக இருந்தது. கிழக்கத்திய மிளகும் பட்டும் ஐரோப்பாவுக்குள் நுழைந்த முக்கியமான வாசல். (தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ இந்த ஊர்க்காரர்தான். இன்று வெனிஸ் விமான நிலையத்துக்கு அவர் பெயர்.)

சரக்கு வந்த கப்பலிலேயே நோயும் வந்தது. அதனால் 1423-இல் ஒரு தீவில் பிளேக் நோயாளிகளுக்கென்று மருத்துவமனை கட்டினார்கள். 1468-இல் இன்னொரு தீவையும் ஒதுக்கி, நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்ட கப்பல்களில் வந்த ஆட்களையும் சரக்கையும் அங்கே நிறுத்திவைத்தார்கள். எத்தனை நாள்? நாற்பது. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு ‘குவாரன்டா’. கொரோனா காலத்தில் நம் எல்லோர் வாயிலும் புழங்கிய ‘குவாரன்டைன்’ அங்கிருந்து வந்ததுதான். ஆக, கடல் வழியாக வந்த சிலருக்கு வெனிஸுக்குள் கால் வைப்பதற்கே நாற்பது நாள் ஆகியிருக்கிறது. இன்றைய பயணியின் மொத்தப் பயணமே நாற்பத்தெட்டு மணி நேரம்!

அந்தக் காலத்தில் வெனிஸுக்கு வந்தவர்களில் பெரும்பங்கு யாத்ரீகர்கள். ஜெருசலேம் போவதற்கான கப்பலை இங்கேதான் பிடிக்க வேண்டும். இந்த யாத்திரை வியாபாரத்தை வெனிஸ் அரசாங்கம் நடத்திய விதத்தைப் படித்தால் இன்றைய டிராவல் ஏஜென்சிகள் எல்லாம் நேற்று பிறந்த குழந்தைகள் என்று தோன்றும். பயணிகளுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுக்க, காசு மாற்ற, கப்பல் தலைவனோடு பேரம் பேச என்றே அரசாங்கம் அனுமதி கொடுத்த வழிகாட்டிகள் இருந்தார்கள். கப்பல் தலைவர்கள் எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும்.

ஜெர்மனியின் உல்ம் நகரத்திலிருந்து வந்த ஃபெலிக்ஸ் ஃபாப்ரி என்ற துறவி இதையெல்லாம் விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறார். 1483-இல் அவர் வெனிஸுக்கு வந்தபோது இரண்டு கப்பல் தலைவர்களுக்குள் போட்டி. இருவருடைய ஆட்களும் புனித மார்க் தேவாலயத்தின் முன் கொடிகளின் கீழே நின்றுகொண்டு, வருகிற யாத்ரீகர்களைத் தங்கள் கப்பலுக்கு இழுத்தார்கள். கப்பலைச் சுற்றிக் காட்டி, கிரீட் தீவின் ஒயினும் அலெக்சாண்ட்ரியாவின் இனிப்பும் கொடுத்து உபசாரம். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஆம்னி பஸ்காரர்கள் பையைப் பிடித்து இழுப்பது நினைவுக்கு வந்தால் தப்பில்லை :-)

ஒப்பந்தத்தில் இருந்தவை இன்னும் சுவாரஸ்யம். தினம் இரண்டு வேளை சாப்பாடு தர வேண்டும். வழியில் உள்ள வரிகளையும் சுங்கங்களையும் கழுதை வாடகையையும் தலைவனே கட்ட வேண்டும். யாத்ரீகர்கள் தங்கள் கோழிகளை வளர்த்துக்கொள்ளக் கப்பலில் இடம் ஒதுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: புனித பூமியில் போதிய நாள் தங்கவிட வேண்டும், அவசர அவசரமாக விரட்டக் கூடாது.

இந்தக் கடைசி ஷரத்து சும்மா வந்ததல்ல. ஃபாப்ரிக்கு அது இரண்டாவது யாத்திரை. 1480-இல் முதல் முறை போனபோது புனித பூமியில் அவருக்குக் கிடைத்தது ஒன்பது நாளுக்கு மேல் இல்லை. ராத்திரி பகலாக ஓடி, ஒவ்வொரு இடத்தையும் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து யோசித்துப் பார்த்தால் மனதில் எதுவும் தெளிவாக நிற்கவில்லை. அந்தக் குறைதான் அவரை மூன்றே வருடத்தில் மறுபடி கிளப்பிவிட்டது. பேக்கேஜ் டூர் போய்விட்டு வந்து, எதைப் பார்த்தோம் என்று போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கஷ்டம் 15-ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பமாகிவிட்டது. போட்டோ மட்டும்தான் இல்லை.

கப்பல் கிளம்பும் வரை யாத்ரீகர்கள் வெனிஸிலேயே காத்திருக்க வேண்டும். ஃபாப்ரி ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார். அந்த நாட்களில் தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் புனிதப் பொருட்களைத் தரிசிப்பது, சாப்பிடுவது, கடைவீதி சுற்றுவது என்று பொழுது போகும். செலவழித்த காசு அத்தனையும் ஊருக்குள்ளேயே சுற்றும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யாத்ரீகர்களுக்குப் பிறகு பிரபுக்களின் பிள்ளைகள் வந்தார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பணக்கார வீட்டு வாலிபர்கள் படிப்பை முடித்ததும் ஒரு வாத்தியாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு வருடம் ஐரோப்பாவைச் சுற்றுவார்கள். ‘கிராண்ட் டூர்’ என்று பெயர். கலை, சிற்பம் படிக்க என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, வெனிஸ் கார்னிவலில் முகமூடி போட்டுக்கொண்டு சூதாடினார்கள். அரசாங்கமே 1638-இல் ‘ரிதொத்தோ’ என்ற சூதாட்ட விடுதியைத் திறந்து, 1774 வரை நடத்தியது. கடல் வாணிபம் படுத்துவிட்ட பின், ஊருக்கு வருகிறவன் பர்ஸ்தான் அடுத்த மிளகு என்று கண்டுகொண்டார்கள்.

பாலமும் ஒரு ஷில்லிங்கும்

வார இறுதிப் பயணம் சாத்தியமானதற்கு முதல் காரணம் ரயில். வெனிஸைப் பொறுத்தவரை தேதியே சொல்லலாம்: ஜனவரி 1846. ஆஸ்திரியா ஆண்டுகொண்டிருந்த காலம். காயலுக்குக் குறுக்கே மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்கு, 222 வளைவுகளோடு ஒரு ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை வெனிஸுக்குப் படகில் மட்டுமே போக முடியும். பதுவா நகரத்திலிருந்து கால்வாய் வழியாகப் படகில் வந்தால் ஒரு பகல் போய்விடும். பாலம் வந்த பிறகு அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டுத் திரும்பலாம். இன்று அரை மணி நேரம் போதும். ஆயிரம் வருடம் தண்ணீரை அரணாக வைத்திருந்த ஊர், முதல் முறையாகக் கரையோடு ஒட்டிக்கொண்டது.

ரயில் நிலையம் கட்டுவதற்காக சாந்தா லூச்சியா என்ற புனிதையின் தேவாலயத்தையே இடித்தார்கள். புனிதையின் உடலை இன்னொரு தேவாலயத்துக்கு மாற்றினார்கள். நிலையத்துக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் டிக்கெட்டில் ‘வெனீசியா சாந்தா லூச்சியா’ என்றுதான் இருக்கும். ‘வெனீசியா மெஸ்த்ரே’ என்று இருந்தால் அது பாலத்துக்கு இந்தப் பக்கம், தரையில் இருக்கும் ஊர். அவசரத்தில் அங்கே இறங்கிவிட்டுக் கால்வாயைத் தேடுகிறவர்கள் உண்டு.

பாலத்தில் யாரை ஏற்றிவருவது என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் இங்கிலாந்தில் இருந்தார். தாமஸ் குக். மரவேலை தெரிந்தவர், அச்சுத் தொழில் செய்தவர், மதுவிலக்குப் பிரசாரகர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு சுமார் ஐந்நூறு பேரை ரயிலில் கூட்டிப் போனார். போக வர ஒரு ஷில்லிங். பத்துப் பன்னிரண்டு மைல் தூரம்தான். ஆனால் ரயில் கம்பெனியிடம் மொத்தமாக இடம் பிடித்துச் சில்லறையாக விற்றால் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் என்பதை அந்த ஒரு நாள் நிரூபித்துவிட்டது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு அவர் அழைத்துச் சென்றவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். 1855-இல் ஐரோப்பியக் கண்டத்துக்கு முதல் பயணம், 1864-இல் இத்தாலி.

வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, குக் விற்றது டிக்கெட்டை அல்ல, கவலை இல்லாமையை. 1868-இல் ஹோட்டல் கூப்பன் கொண்டுவந்தார். அதைக் கொடுத்தால் அறை, அதைக் கொடுத்தால் சாப்பாடு. அந்நிய ஊரில் பேரம் பேச வேண்டாம், ஏமாற வேண்டாம். பின்னர் 1874-இல் அவர் கம்பெனி விற்ற பணச் சீட்டுகள் டிராவலர்ஸ் செக்கின் தாத்தா. திட்டமிடுகிற வேலையையே ஒரு சரக்காக்கி விற்றவர் அவர்.

இதைக் கண்டு பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் லீவர், 1865-இல் புனைபெயரில் ஒரு பத்திரிகையில் குக்கின் பயணிகளைக் கிழித்தெடுத்தார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளைத்தான் குக் இத்தாலியில் கொண்டுவந்து இறக்குகிறார் என்று இத்தாலியர்களிடம் கதை கட்டிவிட்டதாகக் கிண்டலாக எழுதினார். அழகான இடங்களைச் சாதாரண மக்கள் பார்க்கவே கூடாதா என்று குக் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டத்தைப் பற்றிப் புலம்புகிறவர்கள் பல நேரம் புலம்புவது கூட்டத்தைப் பற்றி அல்ல, கூட்டத்தில் இருப்பவர்கள் யார் என்பதைப் பற்றித்தான். இன்று வெனிஸ் நெரிசலைப் பேசும்போதும் இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு கொசுறுத் தகவல். ‘எதைப் பார்ப்பது’ என்ற கேள்வியை முடித்துவைத்தவர் ஜெர்மானியர் கார்ல் பேடெக்கர். அவருடைய சிவப்பு அட்டை வழிகாட்டிப் புத்தகங்களில் பார்த்தே தீர வேண்டிய இடத்துக்கு நட்சத்திரக் குறி போடும் வழக்கம் 1840-களில் வந்தது. நட்சத்திரம் உள்ள இடத்துக்கு எல்லோரும் போனார்கள், இல்லாத இடத்துக்கு யாரும் போகவில்லை. இன்றைய நாலரை ஸ்டார் ஹோட்டல் தேடலுக்கு அதுதான் மூலம். 1942-இல் ஜெர்மன் விமானங்கள் பாத், யார்க், எக்ஸிடர் போன்ற அழகான ஆங்கில நகரங்களைக் குண்டு போட்டுத் தாக்கியபோது அந்தத் தாக்குதல்களுக்கே ‘பேடெக்கர் தாக்குதல்கள்’ என்று பெயர் வந்தது. சுற்றுலாப் புத்தகத்துக்கு இப்படியும் ஒரு கதி.

சனிக்கிழமை எப்படிக் கிடைத்தது?

டிக்கெட் மலிவானால் போதுமா? போவதற்கு நாள் வேண்டுமே!

வாரத்தில் இரண்டு நாள் லீவு என்பது சூரியன் சந்திரன் போல எப்போதும் இருந்ததல்ல. இங்கிலாந்தில் 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் சிறு வயதினருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை முடிக்கச் சொன்னது. அதற்கு முன் பல கைவினைத் தொழிலாளர்கள் திங்கட்கிழமையைத் தாங்களாகவே லீவு ஆக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. ‘புனிதத் திங்கள்’ என்று கேலியாகச் சொல்வார்கள். திங்களைக் கைவிட்டால் சனிக்கிழமை பாதி நாள் தருகிறோம் என்ற பேரத்தில் மெல்ல மெல்லப் பிறந்ததுதான் வார இறுதி. 1936-இல் பிரான்ஸில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் நாற்பது மணி நேர வேலை வாரமும் சட்டமாயின. அமைச்சர் லியோ லக்ராஞ்ச் 40 சதவீதத் தள்ளுபடியில் ரயில் டிக்கெட் கொண்டுவந்தார். அந்தக் கோடையில் முதல் முறையாகக் கடலைப் பார்த்த தொழிலாளர்கள் ஏராளம்.

இத்தாலியில் கதை வேறு மாதிரி. அங்கே இதைக் கொடுத்தது முசோலினியின் அரசு. 1931-இல் ‘மக்கள் ரயில்கள்’ என்று மிகப் பெரிய தள்ளுபடியில் விடுமுறை நாள் ரயில்கள் ஓடத் தொடங்கின. 1933-இல் ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே வெனிஸுக்குச் சாலைப் பாலம் திறந்தார்கள். 1935-இல் சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு சட்டமானது. ஆனால் அந்தப் பிற்பகலைக் கட்சி வேலைக்கும் அணிவகுப்புக்கும் கொடுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. லீவு கூட ஒருவகைக் கட்டுப்பாடாக இருக்க முடியும் என்பதற்கு உதாரணம். போருக்குப் பிறகு சாலைப் பாலத்தின் பெயரை ‘விடுதலைப் பாலம்’ என்று மாற்றினார்கள். இன்று பஸ்ஸில் வருகிற பயணி அதன் மேல்தான் வருகிறார்.

ஜீன்ஸ் விலையில் விமானம்

கடைசித் தடை தூரம். லண்டன்காரருக்கோ பெர்லின்காரருக்கோ வெனிஸ் இரண்டு நாளில் போய் வருகிற ஊர் அல்ல. விமானம் இருந்தது, ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சொந்த விமானக் கம்பெனியைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்ததால் டிக்கெட் யானை விலை. ஐரோப்பிய சமூகம் 1987 முதல் படிப்படியாக இந்தச் சுவர்களை உடைத்தது. 1993 ஜனவரியில் விலையை நிர்ணயிக்கும் சுதந்திரம் வந்தது. 1997-இல், ஐரோப்பிய ஒன்றியத்து நிறுவனம் எதுவும் ஒன்றியத்துக்குள் எந்த வழித்தடத்திலும் பறக்கலாம் என்றானது.

1995 நவம்பரில் ஈஸிஜெட் லண்டன் லூட்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு 29 பவுண்டுக்குப் பறந்தது. ஒரு ஜீன்ஸ் பேண்ட் விலையில் விமானப் பயணம் என்றுதான் விளம்பரமே. ஐரிஷ் கம்பெனியான ரயன்ஏர் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய விமான நிலையங்களுக்குப் பதில் பக்கத்து ஊர்ச் சிறிய நிலையங்களில் இறங்கியது. அங்கே கட்டணம் குறைவு, விமானம் சீக்கிரம் திரும்பிப் பறக்கலாம். வெனிஸ் என்று சொல்லி ட்ரெவிசோவில் இறக்குவார்கள். அது வெனிஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு பஸ்ஸுக்கும், ஒரு பங்கு வார இறுதியின் விலை மதிப்பற்ற இரண்டு மணி நேரத்துக்கும் போய்விடும். திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்.

இதே காலத்தில் எல்லைகளும் கரைந்தன. 1985-இல் கையெழுத்தான ஷெங்கன் ஒப்பந்தம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது; இத்தாலி 1997-இல் சேர்ந்தது. 2002 ஜனவரியில் யூரோ நோட்டு கைக்கு வந்தது. விசா இல்லை, காசு மாற்ற வேண்டாம், டிக்கெட் ஒரு ஜீன்ஸ் விலை. வார இறுதிப் பயணம் முழுமை பெற்றுவிட்டது. (இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளியிலிருந்து போகிறவருக்கு இந்தச் சொர்க்கம் இல்லை. 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் மட்டுமே 90 யூரோ. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ குடியிருப்பு அனுமதியோடு படிக்கிற நம் மாணவர்கள் மட்டும் தனி விசா இல்லாமல் வெனிஸ் போய் வரலாம்.)

காசு யாருக்கு, செலவு யாருக்கு?

இனி வெனிஸ்காரர்கள் பக்கம் வருவோம். 1951-இல் வெனிஸின் பழைய நகரப் பகுதியில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2009-இல் அது அறுபதாயிரத்துக்குக் கீழே இறங்கியபோது, ஊர்க்காரர்கள் ஒரு சவப்பெட்டியைப் படகில் ஏற்றிப் பெரிய கால்வாய் வழியாக ஊர்வலம் விட்டு, தங்கள் நகரத்துக்கே இறுதிச் சடங்கு நடத்தினார்கள். 2022-இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போனது. ரியால்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையின் ஜன்னலில் 2008 முதல் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. பெட்ரோல் பங்கில் விலை காட்டுவது போல, மிச்சம் இருக்கும் வெனிஸ்வாசிகளின் எண்ணிக்கையை அது காட்டும்.

எல்லாப் பழியையும் சுற்றுலாப் பயணி தலையில் கட்டுவது சரியல்ல. 1966 நவம்பர் 4-ஆம் தேதி தண்ணீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு தரைத்தள வீடுகளில் இருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். அதற்கு முன்பிருந்தே தரையில் இருக்கும் மெஸ்த்ரேவில் மலிவான புது வீடு, கார் நிறுத்த இடம், பக்கத்திலேயே தொழிற்சாலை வேலை எல்லாம் கிடைத்தன. ஈரச் சுவரோடும் படிக்கட்டுப் பாலங்களோடும் யார் மல்லுக்கட்டுவார்? ஆனால் போனவர்களின் வீட்டுக்கு வேறு குடும்பம் வராமல் போனதற்குச் சுற்றுலாதான் பெரிய காரணம். ஒரு குடும்பம் மாதத்துக்குத் தரும் வாடகையைப் பயணிகள் சில நாட்களில் தந்துவிட்டால் வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2023-இல், பழைய நகரத்தில் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை அங்கே வாழும் மக்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதாக உள்ளூர் அமைப்புகள் கணக்குச் சொன்னன. இரவு தங்குகிற விருந்தாளி ஊரில் குடியிருப்பவரைவிட அதிகம்!

இங்கேதான் ஃபாப்ரியை நினைக்க வேண்டும். அவர் ஒரு மாதம் இருந்து செலவழித்தார். பகலில் மட்டும் வந்து போகும் இன்றைய பயணி காலை பத்து மணிக்கு மெஸ்த்ரேவிலிருந்து வந்து, புனித மார்க் சதுக்கத்தில் போட்டோ எடுத்து, கையில் கொண்டுவந்த ரொட்டியைத் தின்று, மாலை ரயிலில் திரும்புகிறார். அவர் போட்டுவிட்டுப் போகும் குப்பையைப் படகில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும். அவர் ஏறும் நீராவிப் படகில் (வபோரெட்டோ என்பார்கள், இன்று ஓடுவது டீசல்தான், பெயர் மட்டும் 1881-லிருந்து மாறவில்லை) மார்க்கெட்டுக்குப் போகும் பாட்டிக்கு இடம் கிடைக்காது. லாபம் விமானக் கம்பெனிக்கு, செலவு ஊருக்கு. பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் படிக்கிற விஷயம், கண்முன்னே தண்ணீரில் நிற்கிறது.

ஊர் சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய பயணக் கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தின் முன் வருவது தடை செய்யப்பட்டது. 2024-இல் வழிகாட்டியோடு வரும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்றானது. நுழைவுக் கட்டணம் 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. அந்த ஆண்டு 29 நாட்கள், பெரும்பாலும் வார இறுதிகள், காலை 8.30 முதல் மாலை 4 வரை. தலைக்கு 5 யூரோ. ஊருக்குள் இரவு தங்குகிறவர்களுக்கும், வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்களுக்கும், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கட்டணம் இல்லை.

முதல் நாளில் பதிவு செய்தவர்கள் சுமார் 1,13,000 பேர். காசு கட்டியவர்கள் சுமார் 15,700 பேர்தான். ஆண்டு முழுவதும் சேர்த்து வசூல் சுமார் 24 லட்சம் யூரோ. கூட்டம் குறைந்ததா என்றால், குறையவில்லை என்றே எதிர்க்கட்சிகள் புள்ளிவிவரத்தோடு சொன்னன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் நூறு, இருநூறு யூரோ செலவழித்து வருகிறவர் ஐந்து யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா? ஒரு காபிக்கும் கேக்குக்கும் ஆகிற காசு அது. 2025-இல் நாட்களை 54 ஆக உயர்த்தி, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ ஆக்கினார்கள். அதுவும் கூட்டத்தைத் தடுக்கப் போதாது. தடுக்கும் அளவுக்கு உயர்த்தினால்? அப்போது சார்ல்ஸ் லீவர் ஜெயித்துவிடுவார். பணக்காரர் மட்டும் பார்க்கிற ஊராகிவிடும். ‘எங்கள் ஊர் அருங்காட்சியகம் அல்ல, டிக்கெட் வாங்குவதற்கு’ என்று உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதியினரே போராடியதும் இதனால்தான். விலையை வைத்து இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது என்றே தோன்றுகிறது. பயணிகளுக்கு விடப்படும் வீடுகளைக் கட்டுப்படுத்துவதும், குடும்பங்கள் வாழக்கூடிய வாடகையில் வீடு தருவதும்தான் கடினமான வழி. அதில் உடனடி வசூல் கிடையாது என்பதால் வேகமும் கிடையாது.

சரி, அப்படியானால் இரண்டு நாள் திட்டம் எப்படிப் போடுவது? முதலில் நகராட்சியின் இணையதளத்தில் கட்டண நாட்களைப் பார்த்துவிட்டுத் தேதியைக் குறிப்பது நல்லது. தங்குவது மெஸ்த்ரேவில் என்றால் வாடகை குறைவுதான். ஆனால் பழைய நகரத்துக்குள் முறையான ஹோட்டலில் ஒரு இரவு தங்கினால் ஊருக்கு நேரடியாகத் தங்கல் வரி போகிறது. பகல் கூட்டம் போன பிறகு வெறிச்சோடிய சந்துகளில் நடக்கவும் முடிகிறது. படகு டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ என்பதால் இரண்டு நாள் பாஸ் எடுப்பதே லாபம். கொண்டோலாவுக்குப் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அது படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஐந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை கடல் ஏற்றம் அதிகம். 2020 அக்டோபரில் முதன்முறை எழும்பிய ‘மோசே’ தடுப்புக் கதவுகள் 110 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால்தான் பொதுவாக எழும்பும். புனித மார்க் சதுக்கமோ ஊரிலேயே தாழ்வான இடம். அதற்குக் குறைந்த உயரத்திலேயே நனைந்துவிடும். ரப்பர் செருப்பு எடுத்துப் போனால் நல்லது. சதுக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டைப் பழசு என்று நம்பிவிட வேண்டாம். அசல் கூண்டு 1902 ஜூலை 14 அன்று காலையில் சரிந்து விழுந்தது. விரிசலை முன்பே பார்த்து ஆட்களை விலக்கியிருந்ததால் மனிதர் யாரும் சாகவில்லை. காவலாளியின் பூனை மட்டும் செத்ததாகச் சொல்வார்கள். இப்போது இருப்பது 1912-இல் அதே இடத்தில், அதே தோற்றத்தில் கட்டியது. ஏறுவதற்கு லிஃப்ட் உண்டு, காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போனால் வரிசை குறைவு.